பெற்றோர் ஒதுக்கிய கிளிக்குஞ்சைக் கையில் வளர்ப்பது எப்படி?

கூண்டில் பொருத்தியுள்ள முட்டைப்பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்கள். நான்கு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்க, ஐந்தாவது மட்டும் மூலையில் விலகிக் கிடக்கிறது. மற்றவற்றின் கழுத்தடியில், மெல்லிய தோலின் வழியே, தீனிப்பைக்குள் இருக்கும் தீனி வெளுப்பாகத் தெரிகிறது. இதன் தீனிப்பையோ காலியாகச் சுருங்கி ஒட்டியிருக்கிறது. தொட்டால் உடம்பு சில்லிட்டிருக்கிறது. இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, உடனே எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்பதுதான். அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியமும் அதுதான். சில்லிட்ட குஞ்சின் செரிமானம் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். உள்ளே போகும் தீனி கீழே இறங்காமல் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். முதலில் சூடு, அதன் பிறகே தீனி என்னும் வரிசை ஒருபோதும் மாறக்கூடாது.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படும் பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்க லவ்பேர்ட் ஆகிய சிறு கிளிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெரிய கிளிகளுக்கும் அடிப்படை இதுவே என்றாலும், அவற்றின் குஞ்சுகள் தானாகத் தின்னத் தொடங்கப் பல மாதங்கள் ஆகும். சாலையோர மரத்தடியில் விழுந்து கிடக்கும் பச்சைக்கிளிக் குஞ்சின் கதை வேறு. இங்குள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளை அனுமதியின்றி எடுத்து வளர்ப்பது குற்றம். நம் தீவில் இயற்கையாக வாழும் நீள்வால் கிளி அருகிவரும் இனமும்கூட. அத்தகைய குஞ்சைக் கண்டால் தேசியப் பூங்காக் கழகத்தையோ ஏக்கர்ஸ் என்னும் வனவிலங்கு மீட்பு அமைப்பையோ அழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

உண்மையில் ஒதுக்கப்பட்டதுதானா?

கையில் எடுத்து வளர்ப்பது கடைசி வழி. தாய்ப்பறவை ஊட்டும் தீனியில் உள்ள செரிமான நொதிகளையும் நல்ல நுண்ணுயிர்களையும் எந்தப் பொட்டலத்து மாவும் முழுமையாக ஈடுசெய்வதில்லை. எனவே முதலில் கவனிக்க வேண்டும். பட்ஜி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடுவதால், ஐந்து முட்டைகள் பொரியும் கூட்டில் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் ஏறத்தாழ 8 நாள் இடைவெளி இருக்கும். பெரியவை முண்டியடித்துத் தின்னும்போது சிறியது மறைந்துபோவதைப் பெற்றோரின் வெறுப்பு என்று கொள்ளக் கூடாது. ஒத்த வயதுக் குஞ்சுகள் உள்ள வேறொரு நோயற்ற இணை உங்களிடம் இருந்தால், சிறியதை அந்தக் கூட்டில் சேர்ப்பதே மிகச் சிறந்த தீர்வு. அது இயலாதபோது, குஞ்சைக் கூட்டிலேயே விட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை நீங்கள் சிறிது ஊட்டித் துணைசெய்வதும் பலன் தருகிறது. இரண்டொரு நாளில் அது தெம்படைந்து தலைதூக்கிக் கேட்கத் தொடங்கினால் பெற்றோரே மீண்டும் ஊட்டுவதுண்டு.

காக்டெயில்களில் சில, அடுத்த முறை முட்டையிடத் தயாராகும்போது முந்தைய குஞ்சுகளின் இறகுகளைப் பிடுங்கத் தொடங்கும். ஓரளவு வளர்ந்த குஞ்சுகளானால், கம்பித் தடுப்பு ஒன்றை வைத்து, தந்தைப் பறவை கம்பி வழியே ஊட்டும்படி செய்யலாம். ஆனால் குஞ்சின் தலையிலோ முதுகிலோ காயமும் இரத்தமும் தெரிந்தாலும், இன்னும் இறகு முளைக்காத குஞ்சின் தீனிப்பை பகல் பொழுதில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்து உடம்பும் குளிர்ந்தாலும், காத்திருப்பதில் பொருளில்லை. எடுத்துவிடுங்கள். கூடுமானால் வயதில் நெருங்கிய இன்னொரு குஞ்சையும் சேர்த்தே எடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும் என்பதோடு, தான் ஒரு பறவை என்பதையும் அவை மறக்காமல் வளரும்.

சூடு

நம் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சூடு எதற்கு என்று கேட்போர் உண்டு. வீட்டுக்குள் 28 அல்லது 30 பாகை இருப்பது நமக்குப் புழுக்கம். இறகற்ற குஞ்சுக்கோ அது குளிர். புதிதாகப் பொரிந்த குஞ்சுக்கு ஏறத்தாழ 36 பாகை செல்சியஸ் வேண்டும். முதல் வாரம் கடந்தபின் 33 முதல் 35 பாகை போதும். முள்முள்ளாக இறகுக்குருத்து உடம்பை மூடத் தொடங்கியதும் 29 முதல் 32 பாகைக்கு இறக்கலாம். முழுதாக இறகு வந்த குஞ்சுக்குத்தான் நம் வீட்டுச் சாதாரண வெப்பம் பொருந்தும். குளிரூட்டி ஓடும் படுக்கையறையிலும் மின்விசிறிக்கு நேர்கீழேயும் எந்த வயதுக் குஞ்சையும் வைக்காதீர்கள்.

பெட்டிக்குப் பெரிய செலவு தேவையில்லை. மூடியில் துளையிட்ட ஞெகிழிப் பெட்டியோ பழைய சிறு மீன்தொட்டியோ போதும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் வெப்பப் பட்டையைப் பெட்டிக்கு அடியில், பாதித் தளத்துக்கு மட்டும் படும்படி வையுங்கள். சூடு மிகுந்தால் குஞ்சு நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். நகரத் தெரியாத பிஞ்சுக் குஞ்சு தானாக விலகாது என்பதால், குஞ்சு படுக்கும் உயரத்திலேயே வெப்பமானியை வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் அளவு நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகே குஞ்சை உள்ளே விடுங்கள். சிறிய கிண்ணத்தில் நீர் வைத்து, அதில் குஞ்சு விழாதபடி வலையால் மூடினால், உள்ளிருக்கும் காற்று உலராது.

தளத்தைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வழுக்கும் தளத்தில் வளரும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து, பிறகு ஒன்றுசேராமலே போய்விடுகின்றன. கால் பற்றும்படி சொரசொரப்பான துணியையோ ரப்பர் விரிப்பையோ இட்டு, அதன்மேல் சமையலறைத் தாளை விரித்து, ஒவ்வொரு ஊட்டலுக்கும் மாற்றுங்கள். நூல் பிரியும் துண்டு விரல்களில் சுற்றி இறுக்கிவிடும், மரத்தூளைக் குஞ்சு விழுங்கிவிடும், இரண்டும் வேண்டாம். கால்கள் விரியத் தொடங்கியது தெரிந்தால், எலும்பு முற்றாத முதல் இரு வாரங்களுக்குள் மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் கட்டுப்போட்டுச் சரிசெய்துவிட முடியும்.

குஞ்சே ஒரு வெப்பமானிதான். வாயைத் திறந்து மூச்சிரைத்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி, தோல் சிவந்து கிடந்தால் சூடு அதிகம். ஒடுங்கி நடுங்கினாலும், தீனிப்பை வழக்கத்தைவிட மெதுவாகக் காலியானாலும் சூடு போதவில்லை. அமைதியாக உறங்குகிற, இளஞ்சிவப்புத் தோலுள்ள குஞ்சுக்கு வெப்பம் பொருந்தியிருக்கிறது.

எதை ஊட்டுவது

கிளிக்குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கப்படும் பார்முலா மாவைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கைக்குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று செர்லாக்கையும், சத்தானது என்று கேழ்வரகுக் கூழையும், பாலில் நனைத்த ரொட்டியையும் கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பாலிலுள்ள லாக்டோஸைப் பறவையின் குடலால் செரிக்க முடியாது. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைந்த கூழில் வளரும் குஞ்சின் எலும்பு வளைந்துவிடும். கேய்ட்டி, வெர்செலே-லாகா போன்ற நிறுவனங்களின் மாவு இங்குள்ள பறவைக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது காலாவதி நாளைப் பாருங்கள். பிரித்தபின் காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து கிடக்கும் மாவு விரைவில் பூஞ்சை பிடிக்கும்.

அன்றே பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கருவின் மிச்சம் இருப்பதால், முதல் எட்டு மணி நேரம் தீனியின்றியே அது தாங்கும். அதன் பின்னர் முதல் ஓரிரு வேளை கொதித்து ஆறிய வெந்நீரில் மிகச் சிறிதளவே மாவு கலந்து, ஏறக்குறைய நீராகவே கொடுக்க வேண்டும். அடுத்த சில நாள்களில் படிப்படியாகக் கெட்டியாக்கி, இரண்டாம் வாரத்தில் கரண்டியிலிருந்து விட்டுவிட்டு விழாமல் தோசை மாவைப் போலத் தொடர்ந்து வழியும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவையே பின்பற்றுங்கள். சத்துக் கூடட்டும் என்று சொட்டு மருந்துகளைச் சேர்க்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய வைட்டமினும் கெடுதலே.

கலவையின் சூடு 39 முதல் 41 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குஞ்சு வாங்க மறுக்கும். வாங்கினாலும் தீனிப்பை மந்தமாகும். 43 பாகையைத் தாண்டினால் தீனிப்பையின் சுவர் வெந்துவிடும். இந்தக் காயம் அன்று தெரியாது. சில நாள் கழித்துத் தோல் கறுத்து, துளை விழுந்து, ஊட்டிய தீனி கழுத்தடியில் கசியும்போதுதான் தெரியவரும். விரலை வைத்தோ புறங்கையில் ஒரு சொட்டு விட்டோ பார்ப்பது போதாது. சமையலுக்கு விற்கப்படும் எண்ணிமுறை வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் கலவையின் ஓரிடம் ஆறியும் மற்றோரிடம் கொதித்தும் இருக்கும் என்பதால், கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடேற்றி, நன்கு கலக்கி, அதன் பிறகே அளந்து பாருங்கள்.

ஊட்டும் முறை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, மேசைமேல் துணி விரித்து, அதன்மேல் குஞ்சை நிறுத்துங்கள். ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் தலையை இருபுறமும் மெல்லத் தாங்க, மற்ற விரல்கள் உடம்பை அணைத்திருக்கட்டும். கழுத்தை அழுத்தவோ தலையைப் பின்னால் சாய்க்கவோ கூடாது. அலகின் இரு ஓரத்திலும் உள்ள மெத்தென்ற சதையை விரல்நுனியால் தொட்டால், பசியுள்ள குஞ்சு உடனே தலையை மேலும் கீழுமாக வேகமாக அசைத்து ‘இறைக்க’த் தொடங்கும். இந்த அசைவு நடக்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. தீனி உணவுக்குழாய் வழியே நேரே தீனிப்பைக்குப் போகிறது. அசைவு இல்லாத குஞ்சின் வாயில் விடும் தீனி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். ஊட்டுவோர் மனத்தில் பதிய வைக்க வேண்டிய உண்மை இது. குஞ்சு தலையசைத்துக் கேட்கும்போது மட்டும் கொடுங்கள். அது நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

பறவையின் உணவுக்குழாய் கழுத்தின் வலப்புறமாக இறங்குகிறது. ஆகவே ஊசியில்லாச் சிரிஞ்சைக் குஞ்சின் இடப்புற அலகோரத்தில் நுழைத்து, நுனி வலப்புறத் தொண்டையை நோக்கும்படி பிடிக்க வேண்டும். சிறு பறவைக்கு 1 மில்லி சிரிஞ்சும், வளர வளர 3, 5 மில்லி சிரிஞ்சும் ஏற்றவை. புதிதாக ஊட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது கரண்டிதான்: தேக்கரண்டியின் இரு ஓரங்களையும் உட்புறமாக வளைத்துக்கொண்டால் தீனி நடுவே ஒழுகும், குஞ்சு தன் வேகத்தில் தானே உறிஞ்சிக்கொள்ளும், நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து வெகுவாகக் குறையும். குழாயை நேரே தீனிப்பைக்குள் இறக்கி ஊட்டும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்காதவர்கள் முயலக் கூடாது.

ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு: 40 கிராம் குஞ்சுக்கு 4 மில்லி. தீனிப்பை நிரம்பித் தெரிய வேண்டும்; பலூனாக இறுகி, தோல் மின்னும் அளவுக்கு நிரப்பினால் அது தொங்கிப்போய்ப் பின்னர் காலியாகாது. முதல் வாரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் ஊட்ட வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒருமுறையாக்கி, இரவில் ஆறு மணி நேரம் விடலாம். மூன்றாம் வாரத்தில் நான்கைந்து மணி இடைவெளி. அதன்பின் நாளுக்கு மூன்று வேளை போதும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்த அட்டவணை எளிதன்று. இல்லப் பணிப்பெண்ணிடமோ பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையிடமோ பொறுப்பை விடுவதானால், முதலில் உங்கள் கண்முன் பல வேளை ஊட்டிப் பழகச் செய்யுங்கள். ஒப்படைக்க ஆளில்லை என்றால், அனுபவமுள்ள பறவை வளர்ப்பாளர் ஒருவரிடம் முதல் இரு வாரங்களுக்குக் கொடுத்து வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. குஞ்சின் உயிர்தான் முக்கியம்.

ஊட்டி முடித்ததும் அலகையும் கழுத்தையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் துடையுங்கள். காய்ந்து இறுகிய தீனி அலகைக் கோணலாக்கும். பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். மீந்த கலவையை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள். மூக்கில் தீனி வந்தாலோ குஞ்சு இருமினாலோ உடனே நிறுத்தி, அது தானே செருமித் தெளிய விடுங்கள். அதன்பின் மூச்சில் ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டாலும், மூச்சுக்கேற்ப வால் ஆடினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தீனிப்பையும் எடையும் சொல்வது

ஒவ்வொரு வேளையும் ஊட்டும் முன் தீனிப்பையை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறையக் காலியாக இருந்தால்தான் அடுத்த வேளை. நாளுக்கு ஒருமுறையாவது, பொதுவாக விடியற்காலையில், அது முழுதும் காலியாக வேண்டும். பழைய தீனியின்மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போனால் கேண்டிடா பூஞ்சை பெருகிப் புளித்த நாற்றம் வீசும். காலையில் தீனி தங்கியிருக்கக் கண்டால், முதலில் பெட்டியின் வெப்பத்தைச் சரிபாருங்கள். அடுத்து, சிறிதளவு வெதுவெதுப்பான நீரை மட்டும் ஊட்டி இரண்டு மணி நேரம் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துத் தீனிப்பையைப் பிதுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது குஞ்சை மூச்சுத்திணறச் செய்து கொல்லும்.

ஒவ்வொரு நாளும் முதல் வேளைக்கு முன், கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பட்ஜிக் குஞ்சு பொரியும்போது ஏறத்தாழ 2 கிராமும், காக்டெயில் 4 அல்லது 5 கிராமும் இருக்கும். நாள்தோறும் எடை ஏற வேண்டும். நோயின் வேறெந்த அடையாளமும் தெரியும் முன்பே எடை நின்றுபோகும் என்பதால், ஒரு நாள் ஏறாவிட்டாலே காரணம் தேடுங்கள்.

எல்லாக் கால்நடை மருந்தகங்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. குஞ்சைக் கையில் எடுத்த அன்றே, பறவைகளைப் பார்க்கும் மருந்தகம் எது, இரவில் திறந்திருப்பது எது என்று தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளுக்கு அனுமதியில்லை. செல்லப்பிராணியை ஏற்றும் வாடகை வண்டியில், துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போக வேண்டும். வண்டியில் குளிரூட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக் காற்று

நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை, நமக்கு வாடையே தெரியாத அளவிலும் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். குஞ்சு இருக்கும் வரை இரும்புக் கல்லிலேயே தோசை சுடுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை மூடிய கதவுக்கு அப்பால் வையுங்கள், கொசுவர்த்தி வேண்டாம். பேட்டையில் கொசுவுக்குப் புகையடிக்கும் நாளில் சன்னல்களை முன்கூட்டியே சாத்திவிடுங்கள். பெட்டி இருக்கும் மேசையின் கால்களை நீரிட்ட தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தீனி சிந்திய குஞ்சை எறும்பு ஒரே இரவில் கடித்துக் குதறிவிடும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் நோயும் உண்டு. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணியுங்கள், வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ இருந்தால் அவர்களைச் சுத்தம் செய்ய விடாதீர்கள்.

தானாகத் தின்னப் பழக்குதல்

இறகு மூடி, குஞ்சு பெட்டியின் விளிம்பில் ஏறத் தொடங்கியதும் கூண்டுக்கு மாற்றி, தாழ்வான குச்சியைப் பொருத்துங்கள். தினைக்கதிரைக் கட்டித் தொங்கவிடுங்கள். கிளிக்குஞ்சு முதலில் உடைத்துப் பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. தரையில் சிறிது தினையைத் தூவி, உங்கள் விரல்நுனியால் தட்டிக் காட்டினால் அதுவும் கொத்தும். முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த சோளம், நன்கு கழுவிய கங்கோங், சாய் சிம் கீரைகள் ஆகியவற்றைக் காலையில் வைத்து, வாடும் முன் எடுத்துவிடுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், வெங்காயம், காப்பி, தேநீர் எதுவும் ஆகாது. தண்ணீர்க் கிண்ணம் ஆழமற்றதாக இருக்கட்டும்.

பட்ஜி ஐந்து ஆறு வாரத்திலும், ஆப்பிரிக்க லவ்பேர்ட் ஆறு முதல் எட்டு வாரத்திலும், காக்டெயில் எட்டு முதல் பத்து வாரத்திலும் தானாகத் தின்னத் தொடங்கும். இவை பொதுவான கணக்கு மட்டுமே. நேரத்தைக் குஞ்சு தீர்மானிக்கட்டும். பட்டினி போட்டால் சீக்கிரம் பழகும் என்பது கொடுமையான தவறு. பகல் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, இரவு உறங்கப்போகும் முன் ஊட்டும் வேளையைக் கடைசியாக நிறுத்துங்கள். பறக்கப் பழகும் இக்காலத்தில் உச்ச எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் ஒரு வேளையைத் திரும்பக் கொடுங்கள். ஊட்டல் நின்றபின்னும், இடம் மாறினாலோ உடல்நலம் குன்றினாலோ குஞ்சு மீண்டும் தலையசைத்துக் கேட்கும். அப்போது இரண்டொரு நாள் ஊட்டினால் பழக்கம் கெட்டுவிடாது. வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், இரு வாரமாவது ஊட்டல் இல்லாமல் எடை நிலையாக நின்ற பிறகே கொடுங்கள். அது தின்று பழகிய தீனியையும் நீங்கள் எழுதிவந்த எடைக்குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.